வேலையை விட்டுட்டு கொடைக்கானல்ல ஹோம்ஸ்டேவா? லீஸ் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மே மாசம் கொடைக்கானல் போறீங்க, எங்கேயும் ரூம் இல்லை. "நாமளே நாலு ரூம் லீஸுக்கு எடுத்தா என்ன?"ன்னு தோணும். பிஎஃப் பணம் கண்ணுக்குத் தெரியும்.

எரிக் ரீஸ் எழுதிய 'தி லீன் ஸ்டார்ட்அப்' (2011) மென்பொருள் கம்பெனிக்காரங்களுக்கான புத்தகம்னு பலர் ஒதுக்கிடறாங்க. ஆனா அதன் மையக் கேள்வி இங்கேயும் பொருந்தும்: உங்க திட்டத்துல நீங்க சோதிக்காமலே நம்புற விஷயம் எது?

ஹோம்ஸ்டேவுக்கு அது ரூமோட அழகு இல்லை. நவம்பர் மழையில ஒரு செவ்வாய்க்கிழமை யார் வருவாங்க என்பதுதான்.

ஒரு உதாரணக் கணக்கு. லீஸ் வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாசம் 1,00,000 ரூபாய். ரூம் வாடகை 2,000. ஆப் கமிஷன், டிபன், லாண்டரி போக கையில் 1,400. அப்போ நஷ்டமில்லாம இருக்கவே 72 ரூம்-நாள் நிரம்பணும். நாலு ரூமுக்கு மாசம் 120 ரூம்-நாள்தான் இருக்கு. அதாவது 60 சதவீதம். உங்களுக்குன்னு 40,000 சம்பளம் வேணும்னா 100 ரூம்-நாள்! சீசன்ல முடியும். மத்த மாசங்கள்ல?

அந்த சீசனும் நம்ம கையில இல்லை. ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு வார நாள்ல 4,000, வார இறுதியில 6,000 சுற்றுலா வண்டிகள்னு வரம்பும் வந்தது. மலை தாங்கணும்ல, அதுவும் நியாயம்தான். ஆனா எந்த எக்ஸெல் ஷீட்லயும் இப்படி ஒரு வரி முன்கூட்டி இருந்திருக்காது.

அதனால வேலையில இருந்துக்கிட்டே சின்னதா சோதிங்க. ஏற்கெனவே நடக்கிற ஹோம்ஸ்டே ஓனர்கிட்ட பேசி, ரெண்டு ரூமுக்கு வார நாள் கெஸ்ட் மட்டும் கமிஷனுக்குப் பிடிச்சுத் தாங்க. மூணு மாசம், அதுவும் சீசன் இல்லாதப்போ. (ஆஃபீஸ்ல வெளி வேலைக்கு அனுமதி உண்டான்னு அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் பார்த்துடுங்க.)

தொழில்முனைவோரை ஆய்வு செய்த சரஸ் சரஸ்வதி 'அஃபோர்டபிள் லாஸ்'னு ஒண்ணு சொல்றாங்க. எவ்வளவு வரும்னு பார்க்காம, எவ்வளவு போனா தாங்குவேன்னு முதல்ல முடிவு பண்றது. அட்வான்ஸ் திரும்பி வரலாம். பெயின்ட், கட்டில், கீசர் செலவு வராது. அந்தத் தொகையை இப்பவே ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுல பிஎஃப் பணமும் ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டும் கலந்திருந்தா, லீஸ் பத்திரத்துல கையெழுத்து இந்த வருஷம் வேண்டாம்.