இடம் மாறும் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையைப் படித்தேன். விஷயம் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்திலேயே பாதி வாக்கியங்கள் தலைகீழாக நிற்கின்றன. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

‘மனிதன் நாயைக் கடித்தான்’ என்பதை ‘நாயை மனிதன் கடித்தான்’ என்று மாற்றிச் சொன்னாலும் தமிழில் குழப்பமில்லை. ‘ஐ’ உருபு கடிபட்டது எது என்று காட்டிவிடும். பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை தேய்ந்துபோன பிறகு, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசைதான் அந்த வேலையைச் செய்கிறது. வரிசை அவ்வளவு கறாராக இருப்பதால்தான், ஒரு சொல் நகர்ந்தாலும் வாசகர் நிமிர்ந்து பார்க்கிறார். பக்கத்துக்குப் பத்து முறை நகர்த்தினால் யார் நிமிர்வார்கள்?

எதை முன்னே கொண்டுவருகிறாய் என்பதிலும் கவனம் வேண்டும். ‘தட் மேன் ஐ வில் நாட் ஃபர்கிவ்’ என்று எழுதினால், மற்றவர்களை மன்னித்தாலும் மன்னிப்பேன் என்ற குறிப்பு உள்ளே வந்துவிடும். அந்தக் குறிப்பு வேண்டாமென்றால் அந்த அமைப்பும் வேண்டாம். எழுவாய் பெயரா, பிரதிப்பெயரா என்பதையும் பார். ‘இன் வாக்ட் த மினிஸ்டர்’ என்று எழுதலாம். அமைச்சரின் இடத்தில் ‘ஹீ’ வந்தால் ‘இன் ஹீ வாக்ட்’ என்றுதான் எழுத வேண்டும்.

1940 ஆகஸ்ட் 20 அன்று போர் விமானிகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் சர்ச்சில் பேசிய புகழ்பெற்ற வாக்கியத்தைத் தேடிப் படி. ‘நெவர்’ என்று தொடங்குகிறது. எதிர்மறைச் சொல் முன்னே வந்ததால், துணைவினையும் எழுவாய்க்கு முன்னால் போய் நிற்கிறது. எல்லோரும் கவனிப்பது இந்தத் தொடக்கத்தைத்தான். நீ முடிவைக் கவனி. செயப்பாட்டு வினையில் அமைந்த வாக்கியம், ‘பலர்’ என்பதைத் தாண்டி, ‘சிலர்’ என்ற பொருள் தரும் ‘ஃபியூ’வில் போய் நிற்கிறது. அந்த விமானிகளுக்கு ‘த ஃபியூ’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆங்கில வாக்கியத்தில் கனமான இருக்கை பெரும்பாலும் கடைசி இருக்கைதான்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. ‘டைம்’ வார இதழ் தன் ஆரம்ப ஆண்டுகளில் தலைகீழ் வாக்கியங்களையே தன் முத்திரையாக்கிக்கொண்டது. 1936இல் ‘நியூயார்க்கர்’ இதழில் வால்காட் கிப்ஸ் அதே நடையில் எழுதி அதைக் கிழிகிழியென்று கிழித்தார். இன்று அந்த நடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கேலியைத்தான் முதலில் நினைக்கிறார்கள்.

ஆகவே தம்பி, திருப்பிப் போட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் நேராக எழுதி, இரண்டையும் வாய்விட்டுப் படி. பொருளில் எதுவும் குறையவில்லையென்றால் நேரானதையே வைத்துக்கொள். தேறுகிறவை ஒன்றிரண்டுதான் இருக்கும். ஒரு கட்டுரைக்கு அது போதும். திருத்தியதை அனுப்பு, படிக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்