மூங்கிலை உளுக்காமல் பதம் செய்யும் முறை

தெப்பக்காட்டை அடுத்த வயநாட்டில் குறிச்சியர் மூங்கில் வில்லுக்குப் பேர் பெற்றவர்கள். பழசி ராஜாவுக்குத் துணை நின்று கும்பினிப் படையை எதிர்த்தவர்கள். 1812-ஆம் ஆண்டிலும் கிளர்ந்தெழுந்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வில் வேட்டைக்கு ஆகாது; போட்டிக்குத்தான். ஆயினும் வில்லுக்குக் கழி தேர்ந்தெடுக்கும் அதே முறை மண்வெட்டிப் பிடிக்கும், பந்தல் காலுக்கும், கூரைக்கும் பொருந்தும்.

முதலில் வயதைப் பார்க்க வேண்டும். ஓராண்டுக் கழியில் அடிக்கணுக்களில் பாளை ஒட்டியிருக்கும். மேலே வெண்பொடி படிந்திருக்கும். அது ஈரம் மிக்கது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மூன்று, நான்கு ஆண்டுக் கழி பளபளப்பு இழந்து, பாசிப் புள்ளிகளுடன் காணப்படும். கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இதுவே உகந்தது.

மூங்கிலை உளுக்கச் செய்வது அதிலுள்ள மாவுச்சத்தை நாடி வரும் சிறு வண்டு. மழைக்காலத்தில் குருத்து விடும் புதரில் கத்தி வைத்தல் கூடாது. அடுத்த ஆண்டுக் கழி கெடும். மழை ஓய்ந்து கார்த்திகை முதல் மாசி வரை வெட்டுவது நலம். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பார்கள் பெரியோர். பிறை பார்ப்பதைக் காட்டிலும் பருவம் பார்ப்பதே முக்கியம்.

தரைக்கு மேல் முதல் கணுவை ஒட்டி, அதற்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். குழலில் தண்ணீர் தேங்கினால் வேர்க்கிழங்கு அழுகும். வெட்டிய கழியை இலையோடு புதரிலேயே சாய்த்து ஒரு வாரம் விட்டால் இலைகள் ஈரத்தை இழுத்துவிடும். பிறகு ஓடும் நீரில் மூன்று, நான்கு வாரம் அமிழ்த்தி வைத்தால் மாவுச்சத்து பெரிதும் கரைந்துபோகும். ஓடை வசதி இல்லாதோர் 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, பிளந்த பட்டைகளை ஒரு வாரம் ஊறவைக்கலாம். பின்பு நிழலில், நிறுத்தி வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வெடிப்பு நிச்சயம்.

வில்லுக்கான பட்டையில் வெளித்தோலைச் சீவக் கூடாது. வலுவான நார் அங்குதான் நெருங்கி நிற்கிறது. வளைக்கும்போது இழுவிசை முழுவதையும் தாங்கும் பக்கம் அதுவே. தோலில் சிறு கீறல் இருந்தாலும் வில் அந்த இடத்தில் முறியும். இழைப்பு வேலை எல்லாம் உட்புறத்தில்தான். அமெரிக்காவில் ஹிக்கரி மரத்தில் வில் செய்வோரும் பட்டைக்கு அடியிலுள்ள ஒரே வளையத்தைக் குறுக்கே வெட்டாமல் காப்பாற்றுகிறார்கள்.

தெப்பக்காடு 2007 முதல் முதுமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை பெற்றோர் தவிரப் பிறர் காட்டு மூங்கிலில் கை வைத்தல் குற்றம். பட்டா நிலத்து மூங்கில் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்திய வனச் சட்டத்தில் மரம் என்னும் கணக்கில் வராது. உள்ளூர் வன அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு நடுவது நல்லது. காட்டோரத்து வீட்டைச் சுற்றி நடுவது மட்டும் வேண்டாம். மூங்கில் யானைக்குப் பிடித்த தீனி. ஊர்ப்பக்கத்து ஓடைக்கரையில், ஐந்து மீட்டர் இடைவெளியில் கல் மூங்கில் நடலாம்.