பாரத்திற்கேற்ற ஷாக் அப்சார்பர் அமைப்பும் பராமரிப்பும்

டி.எம்.வி. மணிலா ரகங்களுக்குப் பெயர்பெற்ற திண்டிவனத்திலும், அடுத்துள்ள விழுப்புரம் வட்டாரத்திலும் பால் கேனும் விதை மூட்டையும் இன்று மோட்டார் சைக்கிளில் போவது சாதாரணம். இப்பாரத்துடன் வண்டிப்பாதையில் குலுங்கி, பிறகு நெடுஞ்சாலையில் ஏறும் வண்டியின் பின்சக்கரம் தரையை விடாமல் இருப்பது ஷாக் அப்சார்பரால்தான். சக்கரம் துள்ளினால் பிரேக் பிடிக்காது.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவது உள்ளிருக்கும் எண்ணெய். பிஸ்டன் அசையும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு செல்ல, ஆட்டம் வெப்பமாக மாறி அடங்குகிறது. இடைவிடாமல் குலுங்கினால் எண்ணெய் நுரைத்து, அடக்கும் திறன் குறையும். இதைத் தடுக்க நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துடன் உள்ளே அடைக்கின்றனர். 1950-களில் பிரெஞ்சுப் பொறியாளர் தெ கார்பன் வகுத்த வழி இது. யூரியாவிலுள்ள தழைச்சத்தும் இதே நைட்ரஜன்தான். பஜாஜ் பல்சர் போன்ற வண்டிகளில் வாயுவுக்கெனப் பக்கவாட்டில் சிறு குப்பி இருப்பதைக் காணலாம்.

ஸ்பிரிங்கின் அடியில் படிகள் வெட்டிய வளையம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் ஐந்து படிகள் இருக்கும். தனியாகச் செல்லும்போது கீழ்ப்படியும், பாரம் ஏற்றும்போது மேற்படியும் ஏற்றவை. பாரத்தை இறக்கி, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கொக்கி ஸ்பேனரால் திருப்ப வேண்டும். இரு பக்கமும் ஒரே படியில் இருப்பது மிக அவசியம். படியைக் கூட்டாமல் பாரம் ஏற்றினால் பின்புறம் தாழ்ந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். கேன்களை இறக்கிய பிறகும் மேற்படியிலேயே திரும்பினால் வெறும் வண்டி துள்ளும். சோம்பலால் பலர் இதைக் கவனிப்பதில்லை. படியைக் கூட்டுவதால் வண்டியின் பாரம் தாங்கும் அளவு கூடிவிடாது என்பதையும் நினைவில் கொள்க.

சேற்று வயலிலிருந்து வந்ததும் தண்டில் படிந்த மண்ணை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த மண் தண்டைக் கீறி, ஆயில் சீலைக் கெடுக்கும். வேகமான நீர்ப்பீச்சலைச் சீலின் மேல் அடிக்கக் கூடாது. இருக்கையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும்; இரண்டு மூன்று முறை ஆடினாலோ, எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ இரண்டையும் ஜோடியாக மாற்றுவது நலம். புஷ் தேய்ந்து 'டக் டக்' என்று ஓசை வந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும்.

வாயு வகையைப் பழைய வகைபோல் பிரித்து எண்ணெய் ஊற்றச் சொல்லக் கூடாது. நைட்ரஜனை மீண்டும் அடைக்கத் தனிக் கருவி வேண்டும். அழுத்தத்தில் உள்ள பாகங்கள் தெறித்துக் காயப்படுத்தவும் கூடும். வெல்டிங் வைப்பதும் துளையிடுவதும் ஆபத்தானவை. பழையதைக் காயலான் கடைக்குப் போடும்போது, உள்ளே வாயு இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.