சாமுராய் ஆன அப்ரண்டிஸ்



ஹாஸ்டலில் பத்துக் கை மாறி, அட்டை கிழிந்துபோன ஓர் ஆங்கில நாவல் என்னிடம் வந்து சேர்ந்தது. கிறிஸ் பிராட்ஃபோர்டு எழுதி 2008-ல் வெளிவந்த 'யங் சாமுராய்' வரிசையின் முதல் புத்தகம். "சின்னப் பசங்க படிக்கிற கதைடா இது" என்றான் ரூம்மேட். படித்து முடித்த பிறகு எனக்கென்னவோ நம்ம டிப்ளமோக்காரர்களுக்காகவே எழுதியது போலத் தோன்றியது. காரணத்தைச் சொல்கிறேன்.

கதைச் சுருக்கம்

ஆண்டு 1611. ஜாக் ஃபிளெட்சர் 12 வயது ஆங்கிலேயச் சிறுவன். அப்பா கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி. ஜப்பான் கரையோரத்தில் அவர்கள் கப்பலை நிஞ்சாக்கள் தாக்குகிறார்கள், அப்பா கொல்லப்படுகிறார். அநாதையான ஜாக்கை மசமோட்டோ என்ற சாமுராய் வீரர் தத்தெடுத்து, கியோட்டோ நகரில் உள்ள தன் வாள் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கிறார். பாஷை புதிது, சாப்பாடு புதிது. கூடப் படிக்கும் சிலர் 'கைஜின்', அதாவது அந்நியன் என்று கேலி செய்து அடிக்கிறார்கள். பயிற்சியோ மரவாளில்தான் ஆரம்பம். நம்ம ஊர்ச் சிலம்ப ஆசான் மட்டும் முதல் நாளே கம்பைச் சுழற்ற விடுவாரா? காலடிப் பாடம்தானே முதலில்!

ஆனால் எதிரி ஜாக்கிடம் தேடி வருவது வாளை அல்ல. அப்பா விட்டுப்போன ஒரு நோட்டுப் புத்தகத்தை. 'ரட்டர்' என்று அதற்குப் பெயர். எந்தக் கரையில் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் நீரோட்டம் என்று ஒரு மாலுமி அனுபவத்தில் குறித்து வைத்த கடல்வழிக் குறிப்பு அது.

நிஜ நாயகன்

ஜாக் கற்பனைப் பாத்திரம். அவனுக்கு முன்னோடியாக நிஜத்தில் வாழ்ந்தவர் வில்லியம் ஆடம்ஸ். 1564-ல் பிறந்தவர். 12 வயதில் லண்டன் லைம்ஹவுஸில் ஒரு கப்பல் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். நமக்கு மூன்று வருஷமே நீளமாகத் தெரிகிறது. அவர் இருந்தது 12 வருஷம்!

1598-ல் ராட்டர்டாமிலிருந்து 5 கப்பல்கள் புறப்பட்டன. 1600 ஏப்ரலில் ஜப்பானைத் தொட்டது 'லீஃப்டே' என்ற ஒன்றுதான். மிஞ்சியவர்கள் சுமார் 24 பேர். அவர்களிலும் எழுந்து நிற்கத் தெம்பு இருந்தவர்கள் சிலரே. ஆடம்ஸ் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனால் அவரை நேரில் விசாரித்த தொகுகாவா இயேயாசு கொல்லவில்லை. பிறகு ஒரு கப்பல் கட்டித் தரும்படி கேட்டார். தான் தச்சன் இல்லையே என்று ஆடம்ஸ் தயங்கினார். முயன்று பார், சரியாக வராவிட்டாலும் பாதகமில்லை என்று தைரியம் கொடுத்தார் இயேயாசு. இந்தச் சங்கதியை ஆடம்ஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

முதலில் 80 டன், அடுத்து 120 டன் கப்பல். இரண்டாவது கப்பல் 1610-ல் பசிபிக் கடலைத் தாண்டி மெக்சிகோ வரை போனது! ஆடம்ஸ் இயேயாசுவுக்கு வடிவியலும் கணிதமும் கற்றுக் கொடுத்தார். பரிசாகக் கிடைத்தவை நிலம், சாமுராய் அந்தஸ்து, 'மியூரா அஞ்சின்' என்ற பெயர். 'அஞ்சின்' என்றால் வழிகாட்டும் மாலுமி. அவர் தொழிலே அவர் பெயராயிற்று.

நாவலில் ஜாக் வாள் பழகி சாமுராய் ஆகப் பார்க்கிறான். நிஜத்தில் ஆடம்ஸை சாமுராய் ஆக்கியது பட்டறையில் பழகிய கை.

அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. மனைவி, பிள்ளைகள் இங்கிலாந்தில். ஊர் திரும்ப வருஷக்கணக்கில் அனுமதி இல்லை. 1613-ல் அனுமதி கிடைத்தபோது அவர் போகவில்லை; அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகியிருந்தது. 1620-ல் கண்மூடியபோது சொத்தை இரண்டு குடும்பத்துக்கும் பிரித்து எழுதியிருந்தார். தங்கை ஜெஸ்ஸை நினைத்து ஏங்கும் ஜாக்கைப் படிக்கையில் எனக்கு இவர்தான் ஞாபகம் வந்தார்.

நமக்கு என்ன?

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர், "ஏன் கண்ணு, டிப்ளமோ தானா? இஞ்சினியரிங் கெடைக்கலியா?" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டார். இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஃபிட்டிங் ஷாப்பில் 'வி' கட் ஜாப்புக்கு அரம் தேய்த்துக் கை கொப்புளித்தபோது, படிப்பையே விட்டுவிடலாமா என்றும் நினைத்ததுண்டு.

அப்போது நம்ம கோவையின் ஜி.டி.நாயுடு எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி, இயந்திரத்தைக் கற்றுக்கொண்டவர். 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒற்றை பஸ்ஸில் தொடங்கியவர், பின்னாளில் பாலிடெக்னிக் கண்டார்.

தோழர்களே, 'ரட்டர்' என்பது வேறொன்றுமில்லை. நம்ம ரெக்கார்டு நோட்டுதான். சீனியரிடம் வாங்கி அப்படியே காப்பி அடித்த ரட்டரை நம்பிக் கப்பல் விட்டால் பாறையில்தான் முட்டும். இனி அந்தக் கல்யாண வீட்டு மாமா கேட்டால், "ஆமாங் மாமா, டிப்ளமோதானுங்க" என்று நிமிர்ந்து சொல்லப் போகிறேன்.

நீங்களும் சொல்லுங்கள்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்