பட்டி பார்க்காதே, பிரித்துக் கட்டு

அன்புள்ள மகளுக்கு,

வாலாஜாபாத்தில் கார் ஏற்றும் சைடிங்கையும் ஒரகடத்து ஷெட் ஒன்றையும் சேர்த்து நீ கட்டிய மாதிரியைப் பற்றிய கட்டுரை வந்து சேர்ந்தது. படங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உன் தாத்தாவின் மெக்கானோ கட்டுமான விளையாட்டுப் பெட்டி பரணிலிருந்து இறங்கியதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: துளைகள் தெரியாமலிருக்கத் தகடுகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் பெயிண்ட் அடித்தேன் என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அளவு விகிதத்தைப் பற்றி உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 1:87-ல் நம் அகலப் பாதைக்கு 19.3 மில்லிமீட்டர் வேண்டும், கிடைக்கும் தண்டவாளமோ 16.5 என்ற பழைய வழக்கையும் நான் இழுக்கப்போவதில்லை. நீ தொழிற்சாலையில் தர ஆய்வில் இருப்பவள். அளவு உன் கையில் இருக்கிறது. எனக்கு ஆற்றாமை அந்தப் பட்டியைப் பற்றித்தான்.

மெக்கானோவுக்கு ஃபிராங்க் ஹார்ன்பி காப்புரிமை வாங்கியது 1901-ல். அன்றிலிருந்து இன்றுவரை துளைக்குத் துளை அரை அங்குலம். உன் தாத்தாவின் பச்சைத் தகடும், அவருக்கு முந்திய தலைமுறையின் நிக்கல் பூசிய பட்டையும், நேற்று வாங்கிய துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். அந்தப் பெட்டியின் மொத்த மதிப்பும் துளையில்தான் இருக்கிறது. நீ அதைத்தான் அடைத்திருக்கிறாய்.

ஏன் அடைத்தாய் என்று எனக்குப் புரிகிறது. தகட்டைச் சுவராக நிறுத்தினால் துளைகள் தெரியும். போல்ட் தலைகள் அதைவிட மோசம். மெக்கானோ போல்ட்டின் தண்டு 5/32 அங்குலம், ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். 1:87-ல் அது 35 சென்டிமீட்டர் தடிமன் ஆகிவிடும். அப்படியொரு போல்ட் ஒரகடத்தில் எந்த ஷெட்டிலும் கிடையாது. ஆகவே கண்ணை உறுத்துகிறது, மறைக்கத் தோன்றுகிறது. ஆனால் மறைக்க வேண்டிய நிலை வந்ததே, தகட்டைச் சுவராக்கியதால்தான். இந்தப் பெட்டி எலும்புக்கு உரியது, தோலுக்கு அல்ல.

நீ தினமும் வேலைக்குப் போகும் வழியில் புதிய ஷெட் எழும்புவதைப் பார்த்திருப்பாய். தூணும் உத்தரமும் வேறெங்கோ வெட்டி, வெல்டிங் செய்து, துளையிட்டு, எண் எழுதப்பட்டு டிரெய்லரில் வந்து இறங்குகின்றன. அஸ்திவாரத்தில் முன்பே பதித்த போல்ட்களின் மேல் கிரேன் தூணை நிறுத்துகிறது. உத்தரத்தை ஏற்றி முடுக்குகிறார்கள். ஷீட்டைத் தாங்கும் பர்லின் போடுகிறார்கள். கடைசியில்தான் ஷீட். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை பாதி நிலப்பரப்பு இப்படிக் கட்டப்பட்டதுதான். ஹார்ன்பியின் பெட்டியில் இருக்கும் அதே தர்க்கம்: எண்ணிட்ட உறுப்புகள், முன்பே போட்ட துளைகள், ஸ்பானர். மெக்கானோவை வைத்து ஆங்கிலேயக் கிராமத்துத் தேவாலயம் கட்டுபவர்களுக்கு அது முரண்டு பிடிக்கும். ஒரகடத்து ஷெட்டுக்கு அது இயல்பாகவே வரும். உலகத்திலேயே அந்தப் பெட்டிக்கு மிகப் பொருத்தமான ஊரில் உட்கார்ந்துகொண்டு நீ பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாய் அம்மா.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். 1:87-ல் ஒரு துளைத் தூரம் 1.1 மீட்டர். ஏழு துளைக்கு ஒரு தூண் நிறுத்து. 7.7 மீட்டர் இடைவெளி, நம் ஷெட்டுகளுக்குச் சரியான கணக்கு. பட்டையின் அகலமும் 1.1 மீட்டர் ஆகிவிடுவதால் அதன் முகம் வெளியே தெரியும்படி நிறுத்தாதே. விளிம்பு வெளியே பார்க்கட்டும், அகலம் ஷெட்டின் உள்பக்கமாக ஓடட்டும். பெரிய ஷெட்டின் தூண் மேலே உத்தரத்தோடு சேரும் இடத்தில் ஒரு மீட்டர் வரை ஆழம் இருக்கும், கவனித்திருப்பாய். அது அப்படியே கிடைத்துவிடும். பர்லினுக்கு மெல்லிய ஆங்கிள். அதன் மேல் நெளிவட்டையோ மெல்லிய அலுமினியத் தகடோ வெட்டி, கழற்றும்படி மாட்டு. போல்ட்டும் துளையும் ஷீட்டுக்கு உள்ளே போய்விடும். உள்ளே எட்டிப் பார்ப்பவனுக்கு அவை தெரிந்தால் நல்லதுதான். நடைமேம்பாலம், தண்ணீர்த் தொட்டியின் தாங்கி, கிரேன் ஓடும் கேன்ட்ரி எல்லாம் இதே வகை. இங்கெல்லாம் எலும்பே உருவம். அங்கே மெக்கானோ தாராளமாக வெளியே நிற்கட்டும்.

எதையாவது வெட்டியோ வளைத்தோ ஆகவேண்டும் என்றால் பழைய துண்டில் கை வைக்காதே. செஃபிர் நிறுவனத்தின் மெக்கானிக்ஸ் பெட்டி இன்றும் கடையில் கிடைக்கிறது. வெர்னியர் வைத்து அளந்து பார்த்துவிட்டு அதை வெட்டிக்கொள். பழைய பச்சை எனாமல் போனால் போனதுதான்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. எங்கள் காலத்தில் இந்தத் துண்டுகள் சும்மா கிடைக்கவில்லை. புதுப்பெட்டி வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கையில்தான் வரும். எங்களைப் போன்றவர்களுக்குச் சென்னை மூர் மார்க்கெட்தான். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டிப் போனால் சாக்கின் மேல் கைக்கடிகாரச் சக்கரம், பல்பு ஹோல்டர், அவற்றுக்கு நடுவில் சிவப்பும் பச்சையுமாய் மெக்கானோ பட்டைகள். கடைக்காரர்களுக்கு அது வெறும் இரும்பு. எடைக்குக் கேட்டால் எடைக்கும் தருவார்கள். வளைந்ததை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து வீட்டில் சேர்த்தோம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. இன்று அந்த இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. அரக்கோணம் வண்டிக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் அந்தச் சாக்குகள் எந்த நடைமேடைக்குக் கீழே இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவேன். அப்படி வந்து சேர்ந்த பொருள்மேல் பட்டியைப் பூசியதைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்று, உன் நிலையக் கட்டடம். பேக்கோ பெட்டி கிடைத்ததும் ஆசைப்பட்டுக் கட்டியிருக்கிறாய். சார்லஸ் பிளிம்ப்டன் 1934-ல் லிவர்பூலில் கொண்டுவந்த பொருள் அது. இரும்புக் கம்பிகளுக்கு இடையே பேக்லைட் செங்கற்களைச் சொருகும் முறை அபாரமானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் ஜன்னலும் கூரையும் அந்தக் காலத்து இங்கிலாந்துப் புறநகர் வீட்டுக்காக வார்த்தவை. வெளியே புடைத்த வளைவு ஜன்னலும் செங்குத்தான சிவப்புக் கூரையும் வாலாஜாபாத்தில் என்ன செய்கின்றன? நம் சிறு நிலையங்களுக்கு உயிர் தாழ்வாரத்தில் இருக்கிறது. நிழல் விழ வேண்டும், அதில் நாலு பேர் மூட்டையோடு உட்கார வேண்டும். பேக்கோவின் சுவரை வேண்டுமானால் வைத்துக்கொள். கூரையையும் ஜன்னலையும் பெட்டிக்குள் போடு.

இனி நீ செய்திருக்கும் கார் ஏற்றும் ரயில். அதைப்போல ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ஷெல் பிரிவில் வேலை செய்தவன் சொல்கிறேன். பயணிகளைச் சுமந்து முடித்த எங்கள் பெட்டியின் ஜன்னல்களை அடைத்து, இரண்டு முனைகளிலும் கதவு வைத்து, கார் ஏற்றும் என்.எம்.ஜி. வேகனாக மாற்றுகிறார்கள். நீ அடைத்த ஜன்னல்களின் விளிம்புகூடத் தெரியும்படி செய்திருக்கிறாய். முனைக்கதவு திறந்து, பலகையில் கார் ஏறுகிறது. 21.3 மீட்டர் பெட்டி, உன் கையில் பத்தொன்பது துளைக்குச் சற்று அதிகமான நீளம், இம்மி பிசகவில்லை. 1955-ல் தொடங்கிய அந்த வகைப் பெட்டியின் கட்டுமானம் 2018-ல் நின்றுபோனது. இனி ஓய்வு பெறும் பெட்டிகளில் சில இப்படி வேகனாக ஓடும். அதை இவ்வளவு மரியாதையோடு பார்த்த கண்ணுக்கு எதுவும் வரும். அதனால்தான் அந்த ஷெட்டை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் செய்ததெல்லாம் வெல்டிங். பிரிக்க வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். போல்ட்டின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. நீ இருக்கும் ஊரைப் பார், இங்கே எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-ல் மூன்றரை அடி அகலத்தில் பாதை போட்டார்கள். பிறகு அது மீட்டர் பாதையானது, இன்று அகலப் பாதை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் நின்றது. ஆண்டுகள் கழித்து சால்காம்ப் நிறுவனம் அதை வாங்கி மீண்டும் திறந்தது. இங்கே ஷெட் நிற்கும், உள்ளே இருப்பவர் மாறுவார், பக்கத்தில் ஒரு பகுதி நீளும், ஒரு சுவர் நகரும். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் பாதையே இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது. நாளை அது வந்தால் உன் பலகையில் பாதியை நீ மாற்ற வேண்டியிருக்கும். பட்டி பார்த்து ஒட்டிய ஷெட்டை என்ன செய்வாய்? உடைப்பாய். முடுக்கிய ஷெட்டை ஒரு மாலையில் பிரித்து நீட்டிவிடலாம். இந்த ஊரின் கட்டடத்தை மாதிரி செய்கிறவள் அந்த மாறும் குணத்தையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே அந்த ஷெட்டைப் பிரி. பட்டியை வெந்நீரில் ஊறவைத்து மரக்குச்சியால் துளை துளையாக எடு. கத்தி வேண்டாம், எனாமல் கீறும். பெயிண்டைக் கலைக்கத் தின்னரைத் தொடாதே, அடியில் இருக்கும் பச்சையும் வந்துவிடும். பெயிண்ட் ஏறிய தகடுகளை அப்படியே ஷீட்டுக்கு உள்பக்கம் பயன்படுத்து. அடுத்த கட்டுரையில் முடிந்த கட்டடத்தின் படத்தைக் கடைசியில் போட்டால் போதும். ஷீட் மாட்டுவதற்கு முன், எலும்புக்கூடாக நிற்கும் ஷெட்டின் படம் முதல் பக்கத்தில் வரவேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரகடத்து எரெக்‌ஷன் ஆள் ஒருவர் "இது நம்ம வேலை" என்று சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பெரியப்பா