நெடுங்குணம் மலைக்கு என்ன வயசு?

போன செமஸ்டர் லீவுக்கு சேத்துப்பட்டு போயிருந்தப்போ, ஒன்பதாவது படிக்கும் சித்தி பொண்ணு ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணா, நெடுங்குணம் மலைக்கு எத்தனை வயசுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" நான் மொபைலில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்: "கார்பன் டேட்டிங் பண்ணுவாங்க." இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, அவள் அதை அப்படியே அறிவியல் கண்காட்சி சார்ட்டில் எழுதிவிட்டாள். பார்க்க வந்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "பாறையில் கார்பன் எங்கேம்மா இருக்கு?" அவளால் பதில் சொல்ல முடியவில்லை. தப்பு என்னுடையது. அவளுக்கும், என்னை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கும் நம்ம பசங்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

கார்பன் கடிகாரம் எதற்கு?

உயிரோடு இருக்கும் மரமும் மாடும் மனிதனும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 எடுத்துக்கொண்டே இருக்கிறோம். உயிர் போனதும் வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் சிதைந்து குறையும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். இதுதான் அரை ஆயுள். பத்து அரை ஆயுள், அதாவது 57,300 ஆண்டுகள் போனால் மிஞ்சுவது 1,024-ல் ஒரு பங்குதான். அதனால் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடிகாரம் உதவாது.

கீழடிக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அங்கே 353 செ.மீ ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்றும், 200 செ.மீ ஆழத்தில் எடுத்தது கி.மு. 205 என்றும் 2019-ல் அறிவித்தார்கள். ஆழத்தில் கிடைத்தது பழசு, மேலே கிடைத்தது புதுசு என்பதைக் கவனியுங்கள்.

தறி சொல்லும் பாடம்

இந்த "கீழே பழசு, மேலே புதுசு" விதி நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு இல்லை. தறியில் நெய்த புடவையை முன்னாடி இருக்கும் மரத்தில் சுற்றிக்கொண்டே வருவார்கள். முதலில் நெய்தது மரத்தை ஒட்டி உள்ளே இருக்கும். இன்றைக்கு நெய்தது வெளியே இருக்கும். அந்தச் சுருளில் பிளேடு பட்டுப் பத்து சுற்று கிழிந்தால், அந்தக் கிழிசல் பத்து சுற்றையும் விடப் புதுசு. படிவுப் பாறைகளும் அப்படித்தான். அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு எரிமலைப் பாறை ஏறியிருந்தால், அது அந்த அடுக்குகளுக்குப் பின்னால் வந்தது.

1860-களில் பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்த வழியில்தான் அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வரிசைப்படுத்தினார். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதே 1896-ல்தான். எது முன்னே, எது பின்னே என்று அவரால் சொல்ல முடிந்தது. எத்தனை கோடி ஆண்டு என்று சொல்ல வேறு கடிகாரம் வேண்டியிருந்தது.

பாறைக்குள் ஓடும் கடிகாரம்

அந்தக் கடிகாரம் யுரேனியம். உருகிய பாறைக்குழம்பு குளிரும்போது சிர்கான் என்ற குட்டிப் படிகம் உருவாகும். பெரும்பாலும் மணல் துகளை விடச் சின்னது. உருவாகும்போது அது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், ஈயத்தைக் கிட்டத்தட்ட சேர்க்கவே சேர்க்காது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். இரண்டையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எண்ணினால் வயது வந்துவிடும்.

நம்ம ஆட்களுக்குக் கணக்கு இல்லாமல் தூக்கம் வராது. இதோ:

வயது = (அரை ஆயுள் ÷ 0.693) × இயல் மடக்கை (1 + ஈயம் ÷ யுரேனியம்)

யுரேனியம்-238-இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள். ஒரு படிகத்தில் 100 யுரேனியம்-238 அணுக்களுக்கு, அதிலிருந்து வந்த ஈயம்-206 அணுக்கள் 47.4 என்ற விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1.474-இன் இயல் மடக்கை 0.388. 447-ஐ 0.693-ஆல் வகுத்தால் 645. பெருக்கினால் சுமார் 250 கோடி ஆண்டுகள்! வட தமிழ்நாட்டின் கருங்கற்களில் பலவற்றின் வயது இந்த அளவில்தான் இருக்கிறது. வீட்டு மொட்டை மாடி கான்கிரீட்டில் கொட்டுகிறோமே, அந்த ஜல்லியைத்தான் சொல்கிறேன்.

ஒரு கடிகாரத்தை மட்டும் எப்படி நம்புவது? அதே படிகத்தில் இரண்டாவது கடிகாரமும் ஓடுகிறது. யுரேனியம்-235-இன் அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டுகள். அது ஈயம்-207 ஆகும். 250 கோடி ஆண்டு உண்மை என்றால், மீதமுள்ள ஒவ்வொரு யுரேனியம்-235 அணுவுக்கும் சுமார் 10.7 ஈயம்-207 அணுக்கள் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால், பாறை பின்னாளில் சூடேறி ஈயம் கசிந்திருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். தப்பு நடந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் வழி முறைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்போ கல்மரம்?

செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் போனால் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கலாம். வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். மரம்தானே, கார்பன் பார்க்கலாமே? முடியாது. மரச்சத்து போய் அந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்துவிட்டது. மிச்சம் மீதி இருந்தாலும் கார்பன்-14 எப்போதோ தீர்ந்திருக்கும்.

சரி, அது புதைந்திருக்கும் மணற்கல்லில் சிர்கான் தேடலாமா? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அந்த மணல், எங்கேயோ இருந்த பழைய மலை உடைந்து ஆற்றில் வந்தது. சிர்கான் அந்த மலையின் வயதைச் சொல்லும். மணல் படிந்த நாளைச் சொல்லாது. பட்டுநூல் வாங்கிய தேதியைப் பார்த்துப் புடவை நெய்த தேதி சொல்கிற மாதிரி! அதனால் புதைபடிவங்களுக்குப் பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால், அவற்றின் வயதுக்கு நடுவே இதன் வயது அடங்கும். கிடைக்காவிட்டால், கூடவே இருக்கும் உயிரினங்களை வயது தெரிந்த வேறு அடுக்குகளோடு ஒப்பிடுவார்கள். அரியலூர் அம்மோனைட்டுகள் இந்த வேலைக்குப் பேர்போனவை.

கல் பழசு, கருவி எப்போ?

திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் இன்னொரு சிக்கல். கல்லின் வயது நமக்கு வேண்டாம். மனிதன் கையில் இருந்த காலம்தான் வேண்டும். தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 உருவாகும். ஆழமாகப் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்றுபோகும். அலுமினியம்-26 வேகமாகக் குறையும், பெரிலியம்-10 மெதுவாகக் குறையும். இரண்டின் விகிதம், கருவி புதைந்து எவ்வளவு காலம் ஆச்சு என்று சொல்லும். சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

மூன்று கேள்விகள்

இனிமேல் "இந்தச் சிலையைக் கார்பன் டேட்டிங் செய்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், ஃபார்வேர்டு பண்ணுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்த பொருள் என்ன? எந்தக் கடிகாரம்? அந்தக் கடிகாரம் எந்த நிகழ்ச்சியில் ஓடத் தொடங்கியது: உயிர் போனபோதா, குழம்பு குளிர்ந்தபோதா, மண் மூடியபோதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த வயதுக்கும் அர்த்தம் இல்லை.

தங்கச்சி புது சார்ட் எழுதிவிட்டாள். தலைப்பிலேயே இந்த மூன்று கேள்விகள்தான் இருக்கின்றன. அனுப்பிய போட்டோவுக்குக் கீழே ஒரு வரி: "இந்தத் தடவை நானே படிச்சுப் பார்த்துட்டுத்தான் எழுதினேன்ணா."