மூலநிரல் திறந்திருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பட்டாசு ஆலை அலுவலகக் கணினியில் தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. கட்டற்ற மென்பொருளுக்கு மாறினால் அவை பத்திரமாக இருக்குமா?
- வாசகர், ஆனைக்குட்டம்

பதில்: கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் படித்துச் சோதிக்கலாம் என்பதால், தகவலைத் திருட்டுத்தனமாக வெளியே அனுப்பும் நிரல் அதில் ஒளிந்திருப்பது கடினம். முடியவே முடியாது என்பதல்ல. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. லாகின் அரை விநாடி தாமதமானதைக் கவனித்த ஒரு பொறியாளர் நிரலைத் துருவியதால்தான் அது பிடிபட்டது. மூலநிரல் மூடியிருந்தால் இந்தத் துருவல் இத்தனை எளிதில் நடந்திருக்காது.

எனவே, தொடர்ந்து பராமரிக்கப்படும் மென்பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸ் வகைகளில் டெபியன், உபுண்டு நம்பகமானவை. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் வந்ததால் பல வீடுகளுக்குப் பழக்கமானது. நிறுவும்போதே வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்துவிட்டால், கணினி திருடுபோனாலும் ஆதார் நகல்களைத் திறக்க முடியாது. இதைத் தவறவே விடக்கூடாது. கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி, ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ். எதையும் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். பென்டிரைவில் கைமாறி வரும் பிரதி வேண்டாம்.

அப்டேட் போடாவிட்டால் எதுவும் காக்காது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது, அதற்கான விண்டோஸ் திருத்தம் வெளியாகி இரண்டு மாதமாகியிருந்தது. அதைப் போடாதவர்களே சிக்கினார்கள்.

நீங்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தினால், அது விண்டோஸுக்கானது. அதற்கு மட்டும் ஒரு விண்டோஸ் கணினியை ஒதுக்கி, ஆதார் நகல்களை லினக்ஸ் கணினிக்கு மாற்றுவது நல்லது.